வீட்டுக்கு வரும் ஹோம் நர்ஸின் தரத்தையும் பாதுகாப்பையும் எதைக் கொண்டு உறுதிசெய்வது? (குமரி மாவட்டம்)

கேள்வி: தக்கலை மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 74. தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் குடும்ப வீட்டில் இருக்கிறார். நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்ததில் வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன. பேச்சும் தெளிவாக வருவதில்லை. மூக்குக்குழாய் வழியாகத்தான் கஞ்சியும் மருந்தும் செல்கின்றன. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்து வந்தவருக்கு, மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது இன்சுலினும் எழுதிக் கொடுத்தார்கள். அப்பாவுக்கு 79 வயது. அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார்; நான் கோயம்புத்தூரில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். ஆகவே ஓர் ஏஜென்சி மூலம், வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தோம். "பயிற்சி பெற்ற நர்ஸ்" என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள்.

பதினெட்டு நாள் கழித்து நான் ஊருக்குப் போனபோது, டயப்பரை மாற்றுகையில் அம்மாவின் இடுப்புக்குக் கீழே பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண் இருப்பதைப் பார்த்தேன். அதன்மேல் டால்கம் பவுடர் அப்பியிருந்தது. எப்போது வந்தது என்று கேட்டால், அப்பாவுக்கும் தெரியவில்லை, அந்தப் பெண்ணுக்கும் சொல்லத் தெரியவில்லை. எந்தக் குறிப்பும் வீட்டில் இல்லை. அதே வாரத்தில் ஒரு நாள் காலையில் அம்மா வியர்த்து, அழைத்தும் கண் திறக்காமல் கிடந்தார். பார்த்தபோது சர்க்கரை 48 இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் குளுக்கோஸ் கரைத்துக் குழாயில் கொடுத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால் பிழைத்தார். இன்சுலின் பேனாவுக்கான ஊசிகள் தீர்ந்துபோனதால், பேனாவுக்குள் இருக்கும் மருந்துக் குப்பியிலிருந்து சாதாரண இன்சுலின் சிரிஞ்சு கொண்டு 14 வரை இழுத்துப் போட்டதாக அந்தப் பெண் சொன்னார். மருத்துவர் எழுதியிருந்ததும் 14 யூனிட்தான். அளவு சரியாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் இப்படி ஆனது என்று எனக்கு விளங்கவில்லை. அந்த சிரிஞ்சின் மூடி சிவப்பு நிறம். குப்பியின்மேல் 100 என்று அச்சிட்டிருக்கிறது.

அந்தப் பெண்ணின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் அம்மாவிடம் அன்பாகத்தான் இருந்தார்; இரவில் கூப்பிட்டால் எழுந்து வந்தார். ஆனால் அன்பு மட்டும் போதாது என்பதை இந்த ஒரு வாரத்தில் கண்டுகொண்டேன். நான் அறிய விரும்புவது இதுதான். மருத்துவமனைக்கு இருப்பதுபோல் இந்த வீட்டுப் பராமரிப்புச் சேவைக்குத் தர விதிகள் ஏதேனும் உண்டா? இல்லையென்றால், ஒருவரை வேலைக்கு எடுக்குமுன் நான் எதைக் கேட்க வேண்டும், தினமும் எதைப் பார்க்க வேண்டும்? திருவனந்தபுரத்திலிருந்து ஆள் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்; அது சரியா?

மறுமொழி: ஓய்வுபெற்ற செவிலியர், நாகர்கோவில்

அன்புள்ள மகளே, முதலில் இன்சுலின் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது இன்னொரு வீட்டில் இன்றைக்கே நடக்கக்கூடியது. நம் நாட்டில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் விற்கிறது. ரப்பர் மூடி வைத்த சிறிய பாட்டில்களில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். பேனாவுக்குள் போடும் குப்பியில் ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்கும். சிவப்பு மூடி சிரிஞ்சு 40 யூனிட் மருந்துக்காகக் கோடு போடப்பட்டது. ஆரஞ்சு மூடி சிரிஞ்சு 100 யூனிட் மருந்துக்கானது. சிவப்பு மூடி சிரிஞ்சில் 14 என்ற கோடு 0.35 மில்லியைக் குறிக்கும். 100 யூனிட் குப்பியிலிருந்து அந்தக் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 14 அல்ல, 35 யூனிட். எழுதிய அளவைப் போல் இரண்டரை மடங்கு. சிரிஞ்சும் மருந்தும் மாறி, 40 யூனிட் பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சைப் பயன்படுத்தினால் மருந்து குறைந்து, சர்க்கரை மளமளவென்று ஏறும். பேனாக் குப்பியிலிருந்து சிரிஞ்சில் இழுக்கவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனா ஊசி பத்து இருக்கும்போதே அடுத்த பெட்டியை வாங்குங்கள். வீட்டில் கிடக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சுகளை இன்றே அப்புறப்படுத்துங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 31 ஆண்டுகள் அரசுப் பணியில் வார்டுகளில் இருந்தவள் என்ற முறையில், வார்டுக்கும் வீட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசமாக நான் கருதுவது கருவிகளை அல்ல. வார்டில் ஒரு செவிலியர் செய்ததை அடுத்த ஷிப்டுக்கு வருபவர் பார்ப்பார். இருவர் செய்ததையும் சிஸ்டர் இன்சார்ஜ் பார்ப்பார். எல்லாம் ஏட்டில் எழுதியிருக்கும். வீட்டில் ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்ப்பதில்லை, எழுதுவதும் இல்லை. உங்கள் அம்மாவின் புண் எந்த நாளில் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம். ஆகவே நீங்கள் முதலில் வாங்க வேண்டியது விலை கூடிய படுக்கை அல்ல, 200 பக்க நோட்டு ஒன்று. அதைக் கட்டிலின் தலைமாட்டில் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினோம், எவ்வளவு கஞ்சி கொடுத்தோம், சிறுநீர் எவ்வளவு போனது, மலம் கழித்தாரா, சர்க்கரை எவ்வளவு, எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்பதை அந்தந்த நேரத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இரவில் உட்கார்ந்து மொத்தமாக எழுதுவது பயன்படாது. அப்படி எழுதினால் எல்லா நாளும் ஒரே மாதிரிதான் இருக்கும். அப்பா தினமும் மாலையில் ஒருமுறை அதைப் படித்து ஒரு கோடு போடட்டும். நீங்கள் வீடியோ அழைப்பில் வரும்போது, "அம்மா எப்படி இருக்கிறார்" என்று கேட்காமல், "நோட்டைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

படுக்கைப்புண்ணைப் பற்றி நம் ஊரில் பரவியிருக்கும் சில பழக்கங்களைக் கைவிட வேண்டும். பவுடர் போடுவது, சிவந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பது, வளையம்போல் இருக்கும் காற்றுத் தலையணையில் உட்கார வைப்பது ஆகிய மூன்றுமே கெடுதல். தேய்த்தால் அடியில் ஏற்கெனவே நைந்திருக்கும் தசை மேலும் சேதமாகும். வளையம் தன் விளிம்பில் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். முழுவதுமாக ஒருக்களித்து இடுப்பெலும்பின்மேல் படுக்க வைக்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துச் சற்றே சாய்வாக வைக்க வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாது. காலையில் உடம்பு துடைக்கும்போது அடிமுதுகு, இடுப்பெலும்பு, குதிகால், தோள்பட்டை, காது மடல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தில் விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. நம்முடைய கறுத்த தோலில் சிவப்பு தெரியாது என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, தடித்தோ, கொழகொழப்பாகவோ இருந்தால் அதுவே எச்சரிக்கை. இப்போது இருக்கும் புண்ணை மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். சர்க்கரை நோயாளிக்கு அது வேகமாக ஆழமாகும்.

குழாய் வழியாக உணவு கொடுக்கும்போது தலைமாடு 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து முடித்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். அவசரத்தில் சிரிஞ்சின் தண்டை அழுத்தித் தள்ளக் கூடாது. தூக்கிப் பிடித்தால் கஞ்சி தானாக இறங்கும். இருமல் வந்தாலோ மூச்சு வாங்கினாலோ அந்த நொடியே நிறுத்த வேண்டும். மாத்திரைகளைப் பொடிக்குமுன் அட்டையைப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருந்தால் அவை நாள் முழுவதும் மெதுவாகக் கரைய வேண்டியவை. பொடித்தால் முழு மருந்தும் ஒரே வேளையில் உடம்பில் இறங்கிவிடும். அதற்கு மாற்று என்ன என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, வெள்ளைக் கோட்டு போட்ட எல்லோரையும் நம் மாவட்டத்தில் நர்ஸ் என்று அழைப்பதுதான் முதல் குழப்பம். செவிலியர் என்றால் பட்டமோ பட்டயமோ படித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு எண் பெற்றவர். அந்த எண்ணைக் கேளுங்கள்; உண்மையான செவிலியர் அதைக் கேட்டால் வருத்தப்பட மாட்டார். மற்றவர்கள் உதவியாளர்கள். மத்திய அரசின் திறன் மேம்பாட்டுப் பயிற்சிகளில் வீட்டுப் பராமரிப்பு உதவியாளருக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. அதை முடித்தவர்கள் குளிப்பாட்டுதல், பக்கம் மாற்றுதல், உணவு கொடுத்தல் ஆகியவற்றை மிக நன்றாகச் செய்வதை நான் கண்டிருக்கிறேன். மூக்குக்குழாய் புதிதாகப் போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, நரம்பில் ஊசி போடுவது, புண்ணின் கெட்ட சதையை அகற்றுவது ஆகியவற்றை அவர்களிடம் கேட்கவும் கூடாது, அவர்களாகச் செய்ய முன்வந்தால் விடவும் கூடாது. உங்கள் அம்மாவுக்கு முழுநேரமும் செவிலியர் தேவையில்லை என்பதே என் எண்ணம். நல்ல உதவியாளர் ஒருவர் தங்கட்டும். பதிவுபெற்ற செவிலியர் வாரத்துக்கு இரண்டு முறை வந்து, குழாயையும் புண்ணையும் நோட்டையும் பார்த்துவிட்டுப் போகட்டும்.

அதோடு, உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டில் கொண்டுவந்து தருவது மட்டுமல்ல, இயன்முறை சிகிச்சையும், வலியையும் துன்பத்தையும் குறைக்கும் நோய்த் தணிப்புப் பராமரிப்பும் உண்டு. பலருக்கு மாத்திரை தருவது மட்டுமே தெரிந்திருக்கிறது.

மறுமொழி: குளச்சல் மகன்

சிஸ்டர் அம்மா சொன்ன அனைத்தையும் வழிமொழிகிறேன். நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது என் அப்பா ஆக்சிஜன் செறிவூட்டும் கருவியில் இருந்தார். மின்கம்பங்கள் விழுந்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. சாலைகளில் மரங்கள் கிடந்ததால் வண்டிகளும் வர முடியவில்லை. ஒரு மீன் வண்டியில்தான் சிலிண்டர் கொண்டுவந்தோம். ஏஜென்சியிடம் பேசும்போது, மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது. காற்று மெத்தை மோட்டாரில் ஓடுவது. மின்சாரம் நின்றால் சில மணி நேரத்தில் தட்டையாகி, நோயாளி வெறும் பலகையில் படுத்தது போலாகிவிடும். காற்று மெத்தை இருக்கிறதே என்று பக்கம் மாற்றாமல் விடுவதும் தவறு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்குமுன் மாற்று ஏற்பாட்டைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: மார்த்தாண்டத்திலிருந்து இங்கிலாந்து

வணக்கம் அக்கா. நான் இங்கிலாந்தில் பதினோரு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன்; அதில் நான்கு ஆண்டுகள் வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்தேன். தர விதிகள் உண்டா என்று நீங்கள் கேட்டதால், இங்கே அவை எப்படி நடைமுறையில் இருக்கின்றன என்று சொல்கிறேன்.

இங்கிலாந்தில் 2009 முதல் பராமரிப்புத் தர ஆணையம் என்ற அமைப்பு செயல்படுகிறது. வீட்டுக்குச் சென்று ஒருவரைக் குளிப்பாட்டவும் உடை மாற்றவும் ஆள் அனுப்பும் நிறுவனம் அதில் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு இல்லாமல் நடத்துவது குற்றம். ஆய்வாளர்கள் ஐந்து கேள்விகளைக் கொண்டு வருவார்கள். சேவை பாதுகாப்பானதா, பயனளிக்கிறதா, பரிவுடன் நடக்கிறதா, தேவைக்கேற்ப மாறுகிறதா, நிர்வாகம் நன்றாக இருக்கிறதா என்பவை அவை. முடிவில் நான்கு தரங்களில் ஒன்றைக் கொடுத்து, அறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிடுவார்கள். புதிதாகச் சேர்பவரின் குற்றப் பின்னணியைச் சரிபார்த்த பிறகுதான் தனியே வீட்டுக்கு அனுப்ப முடியும்.

ஆனால் என் அனுபவத்தில், உயிரைக் காப்பாற்றியது ஆய்வாளரின் வருகையைவிட, ஒவ்வொரு வீட்டிலும் இருந்த மருந்துப் பதிவுத் தாள்தான். மருந்தின் பெயர், அளவு, வழி, நேரம் ஆகியவை அதில் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். கொடுத்தவர் அந்தக் கட்டத்தில் கையெழுத்திட வேண்டும். கொடுக்கவில்லை என்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது. ஏன் கொடுக்கவில்லை என்பதற்கான குறியை எழுத வேண்டும். நோயாளி மறுத்தார், தூங்கினார், மருந்து தீர்ந்துவிட்டது என்று எதுவானாலும் சரி. உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால், "பேனா ஊசி இல்லை" என்ற வரி முந்தைய நாளே உங்கள் கண்ணில் பட்டிருக்கும். இன்னொரு தாளில் மனித உடலின் முன்புறமும் பின்புறமும் கோட்டோவியமாக இருக்கும். சிவப்போ காயமோ கண்டால் அந்த இடத்தில் வட்டமிட்டுத் தேதி போடுவோம். இந்த இரண்டையும் நீங்களே ஒரு வெள்ளைத் தாளில் வரைந்து நகலெடுத்துக்கொள்ளலாம். செலவு ஐம்பது ரூபாய்கூட ஆகாது.

நிற்க முடியாத நோயாளியைத் தூக்கும் கருவி மூலம் இடம் மாற்றும் வேலைக்கு இங்கே பெரும்பாலும் இரண்டு பேரை அனுப்புவார்கள். நம் ஊரில் ஒரு பெண் தனியாகத் தூக்குகிறார். நோயாளி விழுவதும் பராமரிப்பவரின் முதுகு போவதும் அந்த இடத்தில்தான்.

வெளிநாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒரு வீட்டில் கால் மணி நேரம்தான் என்று கணக்குப் போட்டு ஓட வைத்த நிறுவனத்திலும் நான் வேலை செய்திருக்கிறேன். வயதானவர் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டு வெளியேறியிருக்கிறேன். அரை மணி நேரத்துக்குக் குறைந்த வருகையைச் சில குறிப்பிட்ட சூழல்களில் மட்டுமே ஏற்கலாம் என்று 2015-இல் தேசிய வழிகாட்டுதல் வந்த பிறகும் அது தொடர்ந்தது. ஆகவே திருவனந்தபுரமா நாகர்கோவிலா என்பது முதல் கேள்வி அல்ல. கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த் தணிப்பு இயக்கத்தாலும், 2008-இல் அந்த மாநில அரசு அதற்கென்று கொள்கை வகுத்ததாலும், வீடு தேடிச் செல்லும் பராமரிப்பில் அவர்களுக்கு நல்ல பழக்கம் இருக்கிறது. இருந்தாலும் எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி வரும் ஒருவரை இங்கே யார் மேற்பார்வையிடுவார்கள்? அந்த ஏஜென்சியின் செவிலியர் வாரம் ஒருமுறை தக்கலை வரை வருவாரா என்று கேட்டு, அதற்கு வரும் பதிலை வைத்து முடிவு செய்யுங்கள்.

மறுமொழி: குழித்துறை வழக்கறிஞர்

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் பிள்ளைகளின் கடமையைப் பற்றியது. ஆள் அனுப்பும் ஏஜென்சிகளைப் பற்றி அது பேசவில்லை. வீட்டுப் பராமரிப்பு முகமைகளைப் பதிவு செய்ய வகைசெய்யும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாயிற்று. நிறைவேறாமலேயே 2024-இல் அந்த மக்களவையோடு காலாவதியாகிவிட்டது. இது மிகவும் வருந்தத்தக்கது. நம் மாவட்டத்தைப் போல் பிள்ளைகள் பாதிப்பேர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் இடங்களுக்கு அந்தச் சட்டம் மிகவும் தேவைப்பட்டது.

எனவே இப்போதைக்கு உங்கள் கையில் இருக்கும் பாதுகாப்பு எழுத்து ஒப்பந்தமும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும்தான். பணம் பெற்றுக்கொண்டு அளிக்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. ஏஜென்சிக்குப் பணம் கட்டி, அவர்கள் ஆள் அனுப்பினால் அது சேவை. குறை இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். சேவைக்காகச் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் நீதிமன்றக் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு நுட்பம் இருக்கிறது. ஏஜென்சி வேண்டாம் என்று நீங்களே ஒருவரை நேரடியாகச் சம்பளத்துக்கு வைத்தால், அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான தனிப்பட்ட பணி ஒப்பந்தம் ஆகிவிடும். அதைச் சேவை என்ற வரையறையிலிருந்து சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. தரகுத் தொகை மிச்சமாகும் என்று நேரடியாக வைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வைக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்கள் இருந்தால் போதும் என்று என் கட்சிக்காரர்களிடம் சொல்வேன்: வருபவரின் தகுதி என்ன, அவர் எந்த வேலைகளைச் செய்ய மாட்டார், அவர் விடுப்பு எடுத்தால் எத்தனை மணி நேரத்துக்குள் மாற்று ஆள் வருவார், அவரை மேற்பார்வையிடும் செவிலியர் யார். கடைசி இரண்டையும் எழுத மறுக்கும் ஏஜென்சியைத் தவிர்த்துவிடுங்கள். ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகச் செலுத்தி ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத வழக்குகளில் நான் பலமுறை திணறியிருக்கிறேன். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளம் வழியாக, வீட்டில் பணியமர்த்துபவரின் பின்னணியைச் சரிபார்க்க விண்ணப்பிக்கலாம். முதியவர் துன்புறுத்தப்படுகிறார் என்ற ஐயம் எழுந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

மறுமொழி: ஹோம் நர்ஸாக வேலை செய்யும் ஒருத்தி

எல்லோருக்கும் வணக்கம். நான் விளவங்கோடு தாலுகாவைச் சேர்ந்தவள். ஒன்பது வருடமாக இந்த வேலைக்குப் போகிறேன். கணவர் ரப்பர் பால் வெட்டுகிறார். பெரியவர்கள் நிறைய எழுதிவிட்டீர்கள், எல்லாம் உண்மை. அந்த வீட்டில் இருந்த பெண்ணின் இடத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல அனுமதியுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும் என்கிறோம். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு என்று எழுந்திருப்பது யார்? பகலிலும் அதே ஆள்தான். நான் ஒரு வீட்டில் 26 நாள் தொடர்ந்து இருந்தேன். நோயாளியைப் பார்ப்பதோடு வீட்டில் உள்ள ஆறு பேருக்கும் துணி துவைத்து, மீன் வெட்டி, முற்றம் பெருக்கினேன். இருபதாம் நாள் இரவு, கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டேன். சிரிஞ்சு கையிலிருந்து விழுந்த சத்தத்தில் விழித்தேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என்னைத்தான் எல்லோரும் குறை சொல்லியிருப்பார்கள். அதற்குப் பிறகு, பகலில் நான்கு மணி நேரம் உறக்கமும் வாரம் ஒரு நாள் விடுப்பும் தராத வீட்டுக்கு நான் போவதில்லை. இதைக் கேட்டதற்காக என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொன்ன வீடுகளும் உண்டு.

படுக்க ஓர் இடமும், உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கதவும் வேண்டும். நான் வெளிப்படையாக எழுதுகிறேன். ஒரு வீட்டில், நோயாளியின் உறவினர் ஒருவர் குடித்துவிட்டு இரவில் நான் படுத்திருந்த இடத்துக்கு வந்தார். மறுநாள் விடியுமுன் பையை எடுத்துக்கொண்டு முதல் பேருந்தில் ஊருக்கு வந்தேன். ஏஜென்சியில் சொன்னபோது, "வேறு வீடு தருகிறோம், வெளியே சொல்லாதே" என்றார்கள். நோயாளிக்கு வந்த ஆபத்தைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு முறையும் வேலைக்கு வருபவளுக்கு வரும் ஆபத்தையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வக்கீல் ஐயா, இதற்குச் சட்டம் ஏதாவது இருக்கிறதா?

இன்னும் ஒன்று. இன்சுலின் ஊசியை மூடியில்லாமல் மெத்தைக்கு அடியில் செருகி வைத்திருந்த ஒரு வீட்டில், விரிப்பு மாற்றும்போது என் விரலில் குத்திவிட்டது. ஆறு மாதம் இரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டு பயத்தோடு இருந்தேன். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை வைத்து, பயன்படுத்திய ஊசிகளை அதில் போட்டால் போதும். கையுறை வாங்கிக் கொடுத்தால் நாங்கள் போட மாட்டோம் என்று நினைக்கிறார்கள். வாங்கிக் கொடுப்பவர்கள்தான் குறைவு.

மறுமொழி: குழித்துறை வழக்கறிஞர்

சகோதரி, இருக்கிறது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டின் சட்டம், வீட்டையும் பணியிடம் என்றே வரையறுக்கிறது. புகாரை மாவட்ட அளவில் உள்ள உள்ளூர் புகார்க் குழுவிடம் அளிக்கலாம். அவசரத்துக்கு 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள். வெளியே சொல்லாதே என்று ஓர் ஏஜென்சி சொன்னால், அவர்களுக்கும் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இதை இங்கே எழுதியதற்கு நன்றி.

மறுமொழி: ஓய்வுபெற்ற செவிலியர், நாகர்கோவில்

ஹோம் நர்ஸாக வேலை செய்யும் அந்தப் பெண் எழுதியதைப் படித்த பிறகு என் முதல் மறுமொழியில் ஒரு குறை இருப்பதை உணர்கிறேன். வார்டில் இரவுப் பணி முடித்தவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்பதை நான் எழுத மறந்துவிட்டேன். ஒருவரே 24 மணி நேரமும் பார்க்கும் ஏற்பாட்டில் இரண்டு மணி நேர விதி நிலைக்காது. இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் திருப்புவதற்குக் குடும்பத்தில் ஒருவரோ இரவுக்கென்று தனி ஆளோ வேண்டும். பயன்படுத்திய ஊசிகளும் சீழ் துடைத்த பஞ்சும் வீட்டு அபாயக் கழிவு என்றுதான் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வகைப்படுத்தின; மக்கும் குப்பையோடு சேர்த்துத் தூய்மைப் பணியாளர் கையில் கொடுக்காதீர்கள், அவர் கையிலும் குத்தும். ஊசி கையாளும் வேலைக்கு வருபவர் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று முறையும் போட்டிருக்கிறாரா என்று கேட்டு, போடாவிட்டால் உங்கள் செலவில் போட ஏற்பாடு செய்யுங்கள். முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது.

மறுமொழி: தக்கலை மகள்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. பள்ளியில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊரில்தான் இருக்கிறேன்.

பழைய ஏஜென்சியிடம் மேற்பார்வைச் செவிலியர் யார் என்று எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. வேறு ஓர் ஏஜென்சியில் ஒப்பந்தம் எழுதி, வாரம் இரண்டு முறை செவிலியர் வருகிறார். அவருடைய பதிவு எண்ணை முதல் நாளே அவராகவே காட்டினார். தங்கிப் பார்க்க, முன்பு இருந்த அதே பெண்ணையே நான் திரும்ப அழைத்தேன். புதிய ஏஜென்சி மூலமாகத்தான் வந்திருக்கிறார். இதில் சிலருக்கு உடன்பாடு இருக்காது என்று தெரியும். ஆனால் 40-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. செவிலியர் இரண்டு சிரிஞ்சுகளையும் மேசையில் வைத்து, தண்ணீரை இழுத்துக் காட்டியபோது அவர் அழுதுவிட்டார். இப்போது ஊசி போடுமுன் குப்பியின் எண்ணை வாய்விட்டுப் படிக்கிறார், அப்பா அதைக் கேட்டுத் தலையசைக்கிறார். அவருக்குக் கிழக்கு அறையைக் கொடுத்து, உள்தாழ்ப்பாள் போட ஆசாரியை வரவழைத்தேன். இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் திருப்புவது என் பொறுப்பு. நான் கோயம்புத்தூர் திரும்பிய பிறகு அதற்கு வர, பக்கத்துத் தெருவில் ஒருவர் சம்மதித்திருக்கிறார்.

புண் சுருங்கி வருகிறது. உடல் ஓவியத் தாளில் முதல் வட்டமும் இந்த வார வட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, இரண்டாவது பாதிதான். அந்தப் பெண்ணுக்கு ஹெபடைடிஸ் பி முதல் ஊசி வெள்ளிக்கிழமை போட்டாயிற்று. இரண்டாவது ஊசிக்கான தேதியை நோட்டின் அட்டையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.